பிலிப்பினோ உறவுக்கு யாழ்ப்பாணத்துக் குசினியில் விருந்து வைப்பது எப்படி

டுபாய், இத்தாலி, கனடா என்று போன எங்கள் பிள்ளைகள் அங்கே பிலிப்பைன்ஸ் பிள்ளைகளைக் கண்டு விரும்பிக் கலியாணம் முடித்து, விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிவருவது இப்போது நடக்கிற விசயம்தான். வந்திறங்கியவுடன் நாங்களும் விட்டுவைக்கிறதில்லை. நண்டுக் கறி, றால் பொரியல், இடியப்பம், சொதி, ஒரு நாளைக்கு ஒடியல் கூழ் என்று அடுக்கிவிடுவோம். நல்லது, வைக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு கிழமை கழிய அந்தப் பிள்ளைக்குத் தன் தாய் வீட்டுச் சாப்பாட்டு நினைப்பு வரும், வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாது. அந்த நேரம் ஒரு சாப்பாடாவது அவர்கள் ருசியிலேயே சமைத்து வைத்தால் அதைப்போல ஒரு மரியாதை வேறு இல்லை. அவர்கள் ருசியிலேயே என்று சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் முழு விசயமும். எங்கள் கூழுக்குள் ஆராவது தக்காளி சோசை ஊற்றிவிட்டு இதுவும் கூழ்தான் என்றால் நாங்கள் சும்மா இருப்போமா? வினாகிரியில் அவித்தெடுக்கிற தங்கள் அடோபோவில் அவர்களுக்கும் அதே ரோசம் உண்டு.

எங்கள் அண்ணி பிலிப்பைன்ஸில் இலோய்லோக்காரி. கீழே இருப்பதில் பெரும்பங்கு அவரோடு அடுப்படியில் நின்று படித்தது.

முதல் வேலை, எந்த ஊர் என்று கேட்பது. நாங்கள் ஆரைக் கண்டாலும் முதலில் கேட்கிற கேள்விதானே, இங்கேயும் அதையே கேளுங்கள். கணக்குப்படி 7,641 தீவுகள் உள்ள நாடு அது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கை. வடக்கே இலோக்கோஸ் பக்கத்தார் பாகற்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய் எல்லாம் சேர்த்து, உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் கூட்டோடு பினக்பெட் என்று ஒன்று வைப்பார்கள். பிக்கோல் பக்கத்தார் தேங்காய்ப்பாலும் மிளகாயும் இல்லாமல் அடுப்பு மூட்டமாட்டார்கள், அவர்கள் வந்தால் உங்களுக்கு வேலை லேசு. பம்பங்கா ஆட்கள் நாட்டிலேயே தாங்கள்தான் சமையலில் முதல் என்பார்கள், மற்றவர்களும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். செபு என்றால் முழுப் பன்றியைத் தணலில் சுட்டெடுக்கிற லெச்சோன். மின்டனாவோவில் மரனாவோ போன்ற முஸ்லிம் சமூகங்கள் உண்டு, அவர்கள் வீட்டில் பன்றி கிடையாது, கேட்காமல் வாங்கிவிட வேண்டாம். மொழியும் அப்படித்தான். தகாலோக் எல்லாருக்கும் தாய்மொழி என்று நினைக்க வேண்டாம். செபுவானோ, இலோக்கானோ, பிக்கோல், எங்கள் அண்ணி பேசுகிற ஹிலிகைனோன் என்று பெரிய மொழிகள் பல உண்டு. மொழிக்காக இவ்வளவு பட்ட எங்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்தது நாள் பார்ப்பது. மச்சம் இல்லாமல் ஒரு முழுப் பிலிப்பினோ விருந்து வைப்பது கடினம், அவர்களின் மரக்கறிச் சமையலிலேயே மீனோ றாலோ எங்காவது ஒரு மூலையில் இருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமையையும் நல்லூர்த் திருவிழாக் காலத்தையும் கந்தசஷ்டியையும் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுங்கள். பன்றி, மாடு வீட்டுக்குள் வராத வீடுகளில் கோழியும் மீனும் தாராளமாகப் போதும், அதில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அம்மம்மாவோ அப்பம்மாவோ மரக்கறி மட்டும் என்றால் பயித்தங்காயிலோ கங்குங் கீரையிலோ அடோபோ வைக்கலாம், அதுவும் பிலிப்பினோ வீடுகளில் வைப்பதுதான், உள்ளியும் வினாகிரியும் சோயா சோசும் போட்டு.

சாமான் வாங்கும்போது கவனிக்க வேண்டியது வினாகிரி. இதில் பிசகினால் மிச்சம் எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை. பிலிப்பைன்ஸில் தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டு எடுக்கிற வினாகிரி உண்டு, கரும்பில் எடுப்பதும் நீப்பா என்கிற நீர்த்தென்னையில் எடுப்பதும் உண்டு. எங்கள் கடைகளிலும் தென்னை வினாகிரி இருக்கிறது. மரமும் ஒன்று, கள்ளும் ஒன்று, முறையும் ஒன்றுதான். ஆனால் பக்கத்திலேயே மலிவான செயற்கை வினாகிரியும் நிற்கும், பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. போத்தலைத் திருப்பி வாசித்து இயற்கை வினாகிரி என்று உறுதிப்படுத்தி வாங்குங்கள். செயற்கை வினாகிரி கொதிக்கக் கொதிக்க மூக்கைக் குத்துமே தவிர இனிப்பு இறங்காது. சோயா சோஸ் தண்ணியாக, உப்பாக இருக்கிற வகை. தடித்த, இனிப்பான கறுப்புச் சோஸ் வேண்டாம். டுபாயிலிருந்து ஆராவது வருகிறார்கள் என்றால் டாத்து பூத்தி என்ற பெயரில் வினாகிரியும் சோயா சோசும் கொண்டுவரச் சொல்லலாம், அந்தப் போத்தலைக் கண்டாலே பிள்ளையின் முகம் மாறும். மீன் சோஸ் பெரிய சூப்பர் மார்க்கட்டுகளில் தாய்லாந்துப் போத்தலாகக் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் உப்போடு சமாளிக்கலாம். கலமன்சி என்று அவர்களுக்கு ஒரு சின்ன எலுமிச்சை வகை உண்டு, அந்த இடத்தில் எங்கள் தேசிக்காய். உள்ளி, இஞ்சி, வெண்காயம், முருங்கையிலை, பப்பாசிக்காய், புளியங்காய், தேங்காய் எல்லாம் திருநெல்வேலிச் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது.

சரி, அடோபோ.

ஒரு கிலோ கோழியை எலும்போடு பெரிய துண்டாக வெட்டுங்கள், எங்கள் கறிக்கு வெட்டுகிற மாதிரிச் சின்னதாக வேண்டாம். ஒரு முழு உள்ளியை உரித்து, பல்லைக் கத்தியின் அகலப் பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி நசித்தால் போதும், அரைக்கக் கூடாது. முழு மிளகு ஒரு தேக்கரண்டி, பே இலை மூன்று, தென்னை வினாகிரி அரைக் கப், சோயா சோஸ் அதற்குச் சற்றுக் குறைய, தண்ணீர் ஒரு கப். இவ்வளவுதான் சாமான். இறைச்சியை உள்ளியோடு கொஞ்ச எண்ணெயில் மேலாகச் சிவக்கவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் போட்டு அடுப்பில் ஏற்றலாம். அலுமினியச் சட்டியில் வேண்டாம், வினாகிரி அலுமினியத்தை அரிக்கும், கறிக்கும் ஒரு உலோக வாடை வரும். மண்சட்டி இருந்தால் அதுதான் சரி, பிலிப்பைன்ஸிலும் பழைய ஆட்கள் மண்சட்டியில்தான் வைத்தார்கள்.

வினாகிரி ஊற்றியபிறகு அது ஒருதரம் கொதித்து அடங்கும்வரை கிளறக்கூடாது, மூடவும் கூடாது. இது அங்கே தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டம். எங்கள் வீட்டில் அம்மா பழக்கதோசத்தில் அகப்பையோடு வர, அண்ணி அவரின் மணிக்கட்டை மெல்லப் பிடித்து நிறுத்தி, தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். முதலில் வந்த ஆவி கண்ணைக் கரிக்கிற பச்சைப் புளிப்பு. கொஞ்சம் பொறுக்க அது தணிந்து, உள்ளியும் மிளகும் சேர்ந்த ஒரு ஆழமான மணம் மேலே வந்தது. அதற்குப் பிறகுதான் கையை விட்டார். ஆகவே மணிக்கூட்டைப் பார்க்காமல் மணத்தைப் பாருங்கள். பிறகு நெருப்பைக் குறைத்து, மூடி, அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட அவியவிட்டு, கடைசியில் மூடியைத் திறந்து குழம்பு வற்றி இறைச்சியில் பிடிக்கிற பதத்தில் இறக்குங்கள். ஊர்க்கோழி என்றால் தண்ணீரையும் நேரத்தையும் கூட்டவேண்டும், ருசியும் அதற்கேற்ப கூடும்.

இங்கேதான் எங்கள் கை சும்மா இருக்காது. ஒரு சொட்டுத் தூள் போட்டால் என்ன, கறுவேப்பிலை இரண்டு நெட்டு போட்டால் என்ன, பெருஞ்சீரகம் கொஞ்சம் என்று தோன்றும். போடாதீர்கள். தூள் போத்தலை அன்றைக்கு உயரத் தட்டில் ஏற்றிவிடுங்கள். தூள் போட்டவுடன் அது எங்கள் கோழிக் கறி ஆகிவிடும், அதைத்தானே அந்தப் பிள்ளை வந்த நாளிலிருந்து சாப்பிடுகிறது. மஞ்சள் இல்லாமல் இறைச்சி சமைக்க மனமே வராது என்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பட்டங்காஸ் பக்கத்தில் சோயா சோஸ் இல்லாமல் மஞ்சள் போட்டே ஒரு மஞ்சள் அடோபோ வைக்கிறார்கள். தேங்காய்ப்பால் வேண்டும் என்றால் பிக்கோல் முறையில் கடைசியில் முதற்பால் விட்டு இறக்கலாம். சோயா சோசே இல்லாமல் வினாகிரியும் உப்பும் மட்டும் போடுகிற வெள்ளை அடோபோவும் உண்டு, சோயா சோஸ் சீன வியாபாரிகளால் வந்ததென்பதால் இதுதான் பழைய முறை என்று சொல்கிறவர்கள் பலர். இவை எல்லாம் அவர்களே வைத்துக்கொண்ட மாற்றங்கள். அதற்குள் உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்.

புளிச் சாற்றுக்கு வருவோம். சினிகாங் என்பது அதன் பெயர், மழைக்கும் காய்ச்சலுக்கும் வீட்டு நினைப்புக்கும் அவர்கள் தேடுவது இதைத்தான். கூழில் பழப்புளி கரைத்த கைக்கு இது பிடிபட நேரம் எடுக்காது. ஆனால் இதற்குப் பழப்புளியைவிடப் புளியங்காய் நல்லது. பச்சைக் காயைத் தண்ணீரில் அவித்து, தோல் வெடித்ததும் மசித்து, வடித்துச் சாற்றை எடுங்கள். சாற்றுக்குத் தண்ணீராக அரிசி கழுவின இரண்டாம் தண்ணீரை எடுத்தால் ஒரு மெல்லிய தடிப்பு வரும். அதில் வெண்காயம், தக்காளி, முள்ளங்கி போட்டுக் கொதிக்கவிட்டு, பிறகு பயித்தங்காய், வெண்டிக்காய், கத்தரிக்காய், அவிந்து வரும்போது மீனோ றாலோ, இறக்குகிற நேரம் கங்குங் கீரை. காரத்துக்கு நீளமான பச்சை மிளகாய் ஒன்றிரண்டை முழுசாக மிதக்கவிடுவார்கள், உடைக்கமாட்டார்கள். மீனுக்கு விடிய பாசையூருக்குப் போய் விளைமீனோ பாரையோ வாங்குங்கள். றால் என்றால் தலையோடு போடவேண்டும், சாற்றின் ருசியே அதில்தான். முகம் சுளிக்கிற அளவு புளிக்க வேண்டும். புளிப்புக் குறைந்தால் அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் இரண்டாம் கிண்ணம் கேட்கவும் மாட்டார்கள்.

இலோய்லோ பக்கத்தில் புளிப்புக்கு பத்துவான் என்று ஒரு காய். அது எங்கள் கொறுக்காயின் இனம்தான். அண்ணி கொறுக்காயை முகர்ந்து பார்த்துவிட்டு, துவரையும் பலாக்காயும் இறைச்சியும் சேர்த்துத் தன் ஊர்ச் சாறு ஒன்று வைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்டதைப் பார்க்க எங்களுக்கு வயிறு நிறைந்தது.

இன்னும் ஒன்று வைக்க நேரமிருந்தால் தினோலா. இஞ்சி, உள்ளி, வெண்காயம் வதக்கிக் கோழியைப் போட்டு, தண்ணீர் விட்டு அவித்து, பப்பாசிக்காய்த் துண்டு போட்டு, கடைசியில் ஒரு பெரிய கை முருங்கையிலை. வேலியில் முருங்கை நிற்கிற வீட்டில் இதை விட்டுவிடக் கூடாது. பச்சை மீனை வினாகிரியில் ஊறவைக்கிற கினிலாவை மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம், அது கை தெரிந்தவர்கள் வேலை.

சோறு வெள்ளைப் பச்சையரிசி, கொஞ்சம் ஒட்டுகிற பதத்தில். எங்கள் சிவப்பரிசிச் சோறு எவ்வளவு நல்லதென்றாலும் இந்தச் சாப்பாட்டோடு சேராது. அரிசியோடு ஒரு ரம்பை முடிச்சுப் போட்டு அவிக்கலாம், அங்கேயும் அது வழக்கம்தான். சோறு தாராளமாக வையுங்கள், காலையும் மத்தியானமும் இரவும் சோறு சாப்பிடுகிற ஆட்கள் அவர்கள்.

மேசையில் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் வைக்க வேண்டும். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்ளு, முள்ளால் தள்ளிக் கரண்டியால் உண்பார்கள், கத்தி தேவைப்படாது. கையால் சாப்பிடுகிற வழக்கமும் அவர்களுக்கு உண்டு, அதுதான் கமாயன். நீளமாக வாழையிலை விரித்து, நடுவே சோற்றை வரம்பாகக் குவித்து, அதன் மேலும் பக்கத்திலும் பொரித்த மீன், றால், இறைச்சி, மாம்பழம் எல்லாம் அடுக்கி, சுற்றி நின்று எல்லாரும் ஒரே இலையில் எடுத்துச் சாப்பிடுவது. வாழையிலை எங்களுக்குப் புதிதில்லை, ஒரே இலையில் பலர் கைவைப்பதுதான் எங்கள் பெரியவர்களுக்கு எச்சில் என்று கூச்சமாக இருக்கும். இளம் ஆட்கள் சேர்ந்து கமாயன் வைத்து, பெரியவர்களுக்குத் தனி இலை போட்டால் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், சாறு இலையில் நிற்காது, கமாயன் என்றால் வறண்ட சாமான்களை வையுங்கள்.

இனி எங்கள் வீட்டு ஆட்களுக்கு உறைப்பில்லாமல் எப்படி இறங்கும் என்ற கேள்வி. அதற்கு அவர்களின் சமையலிலேயே பதில் இருக்கிறது. அங்கே மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொடுகறிகள் இருக்கும், ஒவ்வொருவரும் தன் வாய்க்கு ஏற்றதைத் தானே கலந்து தொட்டுக்கொள்வார்கள், சமைத்தவர் அதைக் குறையாக எடுக்கமாட்டார். இலோய்லோவில் சினமாக் என்று வைப்பார்கள். போத்தலில் வினாகிரி, அதற்குள் நசித்த மிளகாய், உள்ளி, இஞ்சி, மிளகு, சில நாள் ஊறவிட வேண்டும். எங்கள் பச்சை மிளகாயில் போட்டால் அப்பாவே போதும் என்பார். இன்னொரு கிண்ணத்தில் சோயா சோசும் தேசிக்காய்ப் புளியும், கொஞ்சம் நறுக்கின மிளகாயும். உறைப்பு வேண்டியவர்கள் இதில் தொட்டு உண்ணட்டும். சட்டி அவர்கள் ருசியில் இருக்கட்டும், உறைப்பு கிண்ணத்தில் இருக்கட்டும்.

ஆளை நடத்துகிற விதமும் விருந்தில் சேர்த்திதான். அவர்களிலும் மூத்த அக்காவை ஆதே என்றும் அண்ணனை குயா என்றும், பாட்டியை லோலா, தாத்தாவை லோலோ என்றும் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பெயரை மட்டும் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிட அவர்களுக்கும் நாக்கு வராது, ஆகவே உங்கள் வீட்டு முறைகளைச் சொல்லிக்கொடுத்தால் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களைக் கண்டால் அவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றுவது அங்கே மரியாதை. இதை அம்மம்மாவுக்கு முன்னமே சொல்லிவையுங்கள், தெரியாமல் கையை இழுத்துவிட்டால் பிள்ளைக்குச் சங்கடமாகிவிடும். தட்டில் கடைசித் துண்டு கிடந்தால் வெட்கத்தில் எடுக்கமாட்டார்கள், நீங்களே எடுத்துப் போடுங்கள். ஒருதரம் வேண்டாம் என்றாலும் திரும்பக் கேளுங்கள். இதில் எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பிலிப்பினோ என்றால் வெளிநாட்டில் வீட்டு வேலை பார்க்கிறவர்கள் என்று ஒரு பேச்சு எங்களுக்குள் இருக்கிறது. அந்தப் பேச்சு அந்த மேசைக்கு வரவே கூடாது, வேறு எந்த மேசைக்கும்தான். எங்கள் பெண்களும் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்ப் பாடுபட்டுத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் தூக்கிப் பார்க்கிறவர்களில் பிலிப்பினோ தாதிமார் எவ்வளவு பேர் என்று வெளிநாட்டில் இருக்கிற உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். அதுபோல உங்கள் சாப்பாடு சீனச் சாப்பாடு மாதிரி இருக்கு என்ற வசனமும் வேண்டாம்.

பேச விசயம் வேண்டுமென்றால் லாப்புலாப்புவைப் பற்றிக் கேளுங்கள். 1521 ஏப்ரல் 27ஆம் திகதி மக்தான் தீவில், ஸ்பெயினுக்காகக் கப்பலோடி வந்த மகலனின் ஆட்களை எதிர்த்து நின்ற தலைவர், மகலன் அந்தச் சண்டையில்தான் செத்தார். போர்த்துக்கேயரை எதிர்த்த எங்கள் அரசன் சங்கிலியனின் சிலையைக் கடந்து போய்வருகிற எங்களுக்கு அந்தப் பெருமை விளங்கும். 1565இல் தொடங்கி 1898வரை அவர்களை ஆண்டது ஸ்பெயின், பிறகு அமெரிக்கா, இடையில் ஜப்பான். அமெரிக்கா கைவிட்டது 1946 ஜூலை 4. ஆனால் அவர்கள் சுதந்திர தினமாகக் கொண்டாடுவது ஜூன் 12, 1898இல் கவித் என்ற ஊரில் தாங்களே சுதந்திரம் அறிவித்த நாள். அந்த நாளுக்கு விருந்து வைத்தால் கொடியும் கட்டலாம், ஆனால் பார்த்துக் கட்டுங்கள். நீலம் மேலே, சிவப்பு கீழே. சிவப்பை மேலே ஏற்றினால் நாடு போரில் இருக்கிறது என்று பொருள், அது அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்க்கிறவரின் இடப்பக்கம் நீலம் வரவேண்டும்.

மார்கழியில் வருகிறார்கள் என்றால் இன்னும் நல்லது. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியுமுன் பூசைக்குப் போவது அவர்களில் கத்தோலிக்கரின் பெரிய வழக்கம், பூசை முடிய கோவில் வாசலில் சூடாகப் பிபிங்கா வாங்கிச் சாப்பிடுவார்கள். அது அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, வாழையிலை போட்ட தட்டில், கீழும் மேலும் தணல் வைத்துச் சுடுவது. கத்தோலிக்கர் என்றால் குருநகரிலோ பாசையூரிலோ பூசைக்குக் கூட்டிப்போங்கள், மொழி விளங்காவிட்டாலும் எந்த இடத்தில் எழும்ப வேண்டும் எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனிப்புக்கு அதிகம் மினக்கெட வேண்டாம். பழுத்த மொந்தன் வாழைப்பழத்தை உரித்து, காய்ந்த எண்ணெயில் மண்ணிறச் சீனியைத் தூவி, அது உருகிப் பழத்தில் பிடிக்கப் பிரட்டி எடுத்து, குச்சியில் குத்தி வையுங்கள். அங்கே அது தெருவோரத்தில் விற்கிற சாமான், பின்னேரப் பசிக்கு.

அடோபோ மிஞ்சினால் கவலைப்பட ஒன்றுமில்லை, அடுத்த நாள்தான் அதற்கு ருசி கூட. எங்கள் வெக்கைக்கு வெளியில் விடாமல் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். சோறும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றாமல் அதையும் உள்ளே வையுங்கள். விடிய தாச்சியில் எண்ணெய் விட்டு, நறுக்கின உள்ளியைப் பொன்னிறமாகப் பொரித்து, பாதியை எடுத்து வைத்துவிட்டு, உதிர்த்த சோற்றைப் போட்டு உப்போடு பிரட்டி, எடுத்து வைத்த உள்ளியை மேலே தூவி, ஒரு பொரித்த முட்டையும் சூடாக்கின அடோபோவும் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். தேத்தண்ணி எங்கள் முறையிலேயே இருக்கட்டும்.